மலைமேல் பாடசாலைக்கு ஆசிரியர் வரவேண்டுமானால்...

பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்துடன் அரசாங்கம் தனது பங்காக 200 ரூபாவைச் சேர்த்து வழங்கும் என்ற அறிவிப்பு, 2025 நவம்பர் 7ஆம் திகதி பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்ட உரையில் இடம்பெற்றது. 1,350 ரூபாவாக இருந்த நாட்சம்பளம் 1,550 ரூபாவாக உயர வேண்டும், அதற்கு மேலாக வருகைக்கான ஊக்குவிப்புத் தொகையாக 200 ரூபாவை அரசு கொடுக்கும் என்பதே அதன் சாரம். இதற்கென 5,000 மில்லியன் ரூபாவும் ஒதுக்கப்பட்டது. தனியார் கம்பனிகளில் வேலை செய்வோருக்குத் திறைசேரியிலிருந்து பணம் கொடுப்பது முறையா என்ற கேள்வி அப்பொழுதே எழுப்பப்பட்டது. அந்த விவாதத்துக்குள் நாம் இங்கு நுழைய விரும்பவில்லை. நாளொன்றுக்கு 200 ரூபா என்பது ஒரு தொழிலாளியின் வீட்டில் எவ்வளவு பெறுமதியானது என்பதை அறிந்தவர்கள் அதனைக் குறைகூற மாட்டார்கள்.

ஆயினும், அந்த ஏற்பாட்டின் மூலம் அரசாங்கம் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டுள்ளது என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். மலையகத்தில் ஒரு வேலையில் ஆட்கள் நிலைத்திருப்பதற்கு வழமையான சம்பளம் போதாது என்று காணப்படுமிடத்து, அந்தக் குறையைப் பொதுப்பணத்தைக் கொண்டு நிரப்பலாம் என்பதே அக்கொள்கை. கொழுந்து கொய்யும் தாய்க்குப் பொருந்துகின்ற இந்த நியாயம், அவளுடைய பிள்ளைக்குக் கணிதம் கற்பிக்க வேண்டிய ஆசிரியருக்கு ஏன் இன்னமும் பொருந்தவில்லை என்பதே நமது கேள்வி.

அட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் பிரதான வீதியில் கொட்டகலையைக் கடந்தால் பத்தனை, தலவாக்கலை, லிந்துல, நானுஓயா என்று நீளுகின்றது திம்புள்ளப் பிரதேசம். உலகத் தேயிலைச் சந்தையில் திம்புள்ளத் தேயிலை என்ற பெயருக்குத் தனி மதிப்புண்டு. இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்திருப்பதும் தலவாக்கலையிலேயே. அது மட்டுமன்று, ஜெர்மனியின் உதவியுடன் மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கவென அமைக்கப்பட்ட ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இதே பத்தனையில் உள்ளது. கொட்டகலையில் அரசினர் ஆசிரியர் கலாசாலை இருக்கின்றது. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் இரண்டு நிறுவனங்கள் சில மைல் தூரத்துக்குள் அமைந்துள்ள ஒரு பிரதேசத்தின் தோட்டப் பாடசாலைகளில், விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இல்லை என்ற முறைப்பாடு ஆண்டு தோறும் எழுகின்றது. வாசகர்களிடமிருந்து நமக்கு வரும் கடிதங்களில் தை மாதத்தில் பெரும்பாலானவை இதைப் பற்றியவையே.

இதற்குக் காரணம் ஆசிரியர்களின் அர்ப்பணிப்பின்மை என்று சொல்லிவிடுவது இலகுவானது. அவ்வாறு சொல்பவர்கள் ஒரு தடவையேனும் பிரதான வீதியில் பஸ்ஸை விட்டிறங்கி, மழையில் தேயிலை மலையினூடாக மூன்று நான்கு கிலோமீற்றர் ஏறிப் பார்க்க வேண்டும். முச்சக்கர வண்டியில் போனால் ஒரு வழிக்கே கொடுக்க வேண்டிய கட்டணம் என்ன என்பதைக் கணக்கிட வேண்டும். தோட்டத்துக்குள் வாடகைக்கு அறையில்லை. ஆசிரியர் விடுதி என்ற பெயரில் இருக்கின்ற கட்டடத்தில் கூரை ஒழுகும், அல்லது அது பூட்டிக் கிடக்கும். ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதையும் அவர்களுட் பலர் கைக்குழந்தையுடன் இருப்பவர்கள் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இலங்கையில் ஆசிரியரின் சம்பளம் நாடு முழுவதற்கும் ஒன்றே. 1994இல் உருவாக்கப்பட்ட இலங்கை ஆசிரியர் சேவையில் ஒரே தரத்தில் உள்ள இருவருள் ஒருவர் கண்டி நகரிலும் மற்றவர் அக்கரப்பத்தனையின் மேற்பிரிவு ஒன்றிலும் பணிபுரிந்தால், இருவரின் அடிப்படைச் சம்பளமும் சதம் பிசகாமல் ஒன்றாகவே இருக்கும். பார்வைக்கு இது சமத்துவம். ஆனால் நகரத்து ஆசிரியர் மாலையில் பிரத்தியேக வகுப்பு நடத்துகின்றார். கணித, விஞ்ஞான ஆசிரியராக இருந்தால் அந்த வருமானம் சம்பளத்தையே மிஞ்சிவிடுவதும் உண்டு. தோட்டத்து ஆசிரியருக்கு அந்த வழி இல்லை. பெற்றோரிடம் கொடுப்பதற்குப் பணமில்லை, மாலை நான்கு மணிக்குப் பின் பஸ்ஸும் இல்லை. ஆகவே, கடதாசியில் சமமாக இருக்கின்ற சம்பளம் கைக்கு வரும்போது சமமாக இருப்பதில்லை. எந்தப் பாடங்களுக்கு ஆசிரியர் மிகவும் தேவையோ, அந்தப் பாடங்களிலேயே இந்த வேறுபாடு மிகவும் அதிகம் என்பதுதான் கவலைக்குரியது.

கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பாடசாலைகளை வகைப்படுத்தி ஒரு கொடுப்பனவை வழங்கும் நடைமுறை நம்மிடம் இல்லாமலில்லை. ஆனால் அது சம்பளத்தின் ஒரு விகிதமாக அமையாமல் ஒரு நிலையான சிறு தொகையாக இருப்பதால், விலைவாசி ஏற ஏறத் தேய்ந்து போகின்றது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. அந்த வெள்ளத்தில் நிலையான கொடுப்பனவுகள் யாவும் அடித்துச் செல்லப்பட்டன. அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அவ்வாண்டில் அனுமதி வழங்கப்பட்டபோது ஆசிரியர்களும் அதனைப் பயன்படுத்திச் சென்றனர். நகரத்துப் பாடசாலையில் அவ்வாறு ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்ப மலையிலிருந்து ஒருவர் இறங்கினார். மலையில் ஏற்பட்ட வெற்றிடம் வெற்றிடமாகவே நின்றது.

வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால், தோட்டப் பாடசாலை ஆசிரியரின் சம்பளத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நூறாண்டுகளுக்கு மேலாகவே பதிலின்றி இழுபட்டு வந்திருப்பது தெரியவரும். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. அரசு சிறு மானியம் கொடுக்கும், மீதியைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. நடைமுறையில், லயன் காம்பிரா ஒன்றில் ஒற்றை ஆசிரியர், ஐந்து வகுப்புகள். அந்த ஆசிரியரும் பல இடங்களில் பாதி நேரம் தோட்டத்துக் கணக்கு வழக்குகளைப் பார்ப்பவராகவே இருந்தார். துரைக்குப் பிள்ளைகள் படிப்பதால் இலாபம் எதுவும் இருக்கவில்லை. மலையேறிக் கொழுந்தெடுக்கும் அடுத்த தலைமுறைக்கு எழுத்தறிவு தேவையில்லை என்றே அவர் எண்ணினார்.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் வாசலுக்கு வெளியிலேயே நின்றன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழர் பெரும்பான்மையோர் நாடற்றவர்களாக்கப்பட்டனர். வாக்குரிமையும் பறிபோனது. அதற்குப் பின்னர் அவர்களின் பாடசாலைக்காகப் பாராளுமன்றத்தில் பேசுவதற்கு ஆளிருக்கவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில், பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த வேளையில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அந்தச் சட்டங்களினால் நாட்டின் பல பகுதிகளில் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் வறிய தமிழ், சிங்களப் பிள்ளைகளுக்கும் கதவுகள் திறந்தன. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் அப்பொழுதும் விடப்பட்டன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டதன் பின்னர், அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியிலிருந்தே அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்குக் கிடைத்த வாய்ப்பு, தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு தலைமுறை தாமதித்தே கிடைத்தது.

வந்த பின்னரும் ஆசிரியர் சம்பளம் என்ற விடயத்தில் சிக்கனமே ஆட்சி செய்தது. இதற்கு மிகச் சிறந்த, அல்லது மிக மோசமான உதாரணம் ஆசிரிய உதவியாளர் நியமனம். தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களை நிரப்புவதற்காக ஒரு தசாப்தத்துக்கு முன்னர் ஏறத்தாழ 3,000 இளைஞர் யுவதிகள் ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்க்கப்பட்டனர். உயர்தரம் சித்தியெய்தியவர்கள், பெரும்பாலும் தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு மாதமொன்றுக்கு வழங்கப்பட்ட கொடுப்பனவு 6,000 ரூபா. 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி வருகைக் கொடுப்பனவு உள்ளிட்டு ஒரு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 620 ரூபா. மாதம் இருபது நாட்கள் வேலைக்குப் போன தாய் 12,400 ரூபாவைப் பெற்றாள். அவளுடைய வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வைத்து ஆசிரியையாக்கிய மகள் 6,000 ரூபாவைப் பெற்றாள். மகளின் பஸ் கட்டணத்தைத் தாய் கொடுத்த வீடுகள் இருந்தன. பல போராட்டங்களுக்குப் பின்னர் அக்கொடுப்பனவு 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பயிற்சியை முடித்தவர்கள் ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்படுவதற்கு மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் பின்னர் அவர்கள் ஓடிவிடவில்லை என்பதுதான் நாம் இங்கு கவனிக்க வேண்டியது. அவர்களிற் பலர் இன்றும் அதே தோட்டங்களில் கற்பித்துக் கொண்டிருக்கின்றார்கள். அந்த மண்ணில் பிறந்தவர்கள் அந்த மண்ணிலேயே தங்குவார்கள் என்ற உண்மையை அந்த நியமனம் நிரூபித்தது. அதே வேளையில் அவர்களின் பிடிப்பைக் காரணமாகக் காட்டி அவர்களுக்குக் குறைவாகக் கொடுக்கலாம் என்ற ஒரு கெட்ட பழக்கத்தையும் அது உண்டாக்கிவிட்டது.

மலையகக் கல்விக்கு உதவி வரவில்லை என்று சொல்லவியலாது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் தோட்டப் பாடசாலைகளின் அபிவிருத்திக்குப் பெருமளவில் உதவியது. ஒன்பது பெருந்தோட்டப் பாடசாலைகளின் உட்கட்டமைப்பை மேம்படுத்துவதற்கான நன்கொடையை இந்தியா 300 மில்லியனிலிருந்து 600 மில்லியன் ரூபாவாக இரட்டிப்பாக்கியது. இவற்றை நன்றியுடன் வரவேற்கின்றோம். ஆனால் வெளிநாடு கட்டடம் கட்டித் தரும், கணினி தரும், பயிற்சிப் பட்டறையும் நடத்தித் தரும். மாதா மாதம் ஆசிரியரின் சம்பளத்தை எந்த வெளிநாடும் தரப்போவதில்லை. கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை திரைநீக்கம் செய்யலாம், சம்பளப் பட்டியலுக்குத் திரைநீக்கம் செய்ய முடியாதல்லவா? நமது அரசியல்வாதிகளுக்கும் கட்டடங்களிலேயே அதிக நாட்டம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

பிற நாடுகள் இதனை எவ்வாறு அணுகின என்பதைக் காண்பது பயனுள்ளது. அமெரிக்காவில் பாடசாலைகளை நடத்துவது உள்ளூர்க் கல்வி மாவட்டங்கள். பணமுள்ள மாவட்டம் நல்ல சம்பளம் கொடுத்து நல்ல ஆசிரியரைக் கவர்ந்து கொள்ளும், வறிய கிராமத்து மாவட்டம் மிச்சத்தைப் பொறுக்கும். இந்த இழுபறியைச் சமாளிக்க ஆர்கன்சா மாநிலம் 2023இல் சட்டமொன்றை நிறைவேற்றி, ஆசிரியரின் குறைந்தபட்ச வருடச் சம்பளத்தை 36,000 டொலரிலிருந்து 50,000 டொலராக உயர்த்தி, அதற்கான நிதியை மாநில அரசிலிருந்து மாவட்டங்களுக்கு வழங்கியது. அச்சட்டத்தின் வேறு பிரிவுகள் கடும் சர்ச்சைக்குரியவை. எனினும் சம்பள உயர்வினால் அதிகம் நன்மையடைந்தவை வறிய கிராமத்து மாவட்டங்களே.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மேற்கு ஆபிரிக்காவில் உள்ளது. கம்பியா முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு சிறிய, வறிய நாடு. ஆற்றின் இரு கரைகளிலும் நீளமாகப் படுத்திருக்கும் அந்த நாட்டில், தலைநகரை விட்டு உள்ளே போகப் போக ஆசிரியர்கள் போக மறுத்தார்கள். 2006இல் அந்த அரசாங்கம் பின்தங்கிய பிரதேசங்களுக்கான கொடுப்பனவு ஒன்றைக் கொண்டுவந்தது. பிரதான வீதியிலிருந்து பாடசாலை எவ்வளவு தூரம் என்பதே அளவுகோல். மிகப் பின்தங்கிய பாடசாலைகளில் கொடுப்பனவு அடிப்படைச் சம்பளத்தின் 30 முதல் 40 சதவீதம் வரை இருந்தது. சில காலத்திற்குள்ளேயே, அவ்வாறான பாடசாலைகளுக்கு இடமாற்றம் கேட்டு ஆசிரியர்கள் தாமாகவே விண்ணப்பிக்கத் தொடங்கினர். நமது நாட்டில் மலைக்குப் போகாமலிருப்பதற்காகச் சிபாரிசுக் கடிதம் தேடி அலைவதையே நாம் கண்டிருக்கின்றோம்.

கம்பியாவால் முடிந்தது இலங்கையால் முடியாததன்று. கணக்கைப் பார்ப்போம். தொழிலாளிக்கு அரசு கொடுக்கும் நாளொன்றுக்கான 200 ரூபா, மாதம் இருபத்தைந்து நாட்களுக்கு 5,000 ரூபாவாகும். நாட்டில் 800க்கும் மேற்பட்ட தோட்டப் பாடசாலைகள் உள்ளன. அவற்றில் எல்லாமே வீதியை விட்டு விலகி உள்ளே இருப்பவையல்ல. ஆயினும் தாராளமாக 10,000 ஆசிரியர்கள் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அதே 5,000 ரூபாவை மாதந்தோறும் மேலதிகமாகக் கொடுத்தாலும், வருடமொன்றுக்கு ஆகும் செலவு 600 மில்லியன் ரூபா. இரட்டிப்பாகக் கொடுத்தால் 1,200 மில்லியன். நாட்சம்பள ஊக்குவிப்புக்கென ஒதுக்கப்பட்ட தொகையின் நான்கிலொரு பங்கைக்கூட அது எட்டாது. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் ஒதுக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்து 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், அக்கோரிக்கை பின்னர் எல்லாக் கட்சிகளின் மேடைகளிலும் ஏறியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த 6 சதவீதத்தை நோக்கிய பயணத்தில் இது ஒரு மிகச் சிறிய எட்டு மட்டுமே.

இக்கொடுப்பனவு ஆளுக்கு அல்ல, கதிரைக்கு உரியதாக இருக்க வேண்டும். அந்தப் பாடசாலையில் உண்மையாகக் கற்பிக்கும் காலம் வரைக்கும் அது கிடைக்க வேண்டும், நகரப் பாடசாலைக்கு 'தற்காலிக இணைப்பு' பெற்றுப் போனவுடன் நின்றுவிட வேண்டும். மலையகத்தில் தற்காலிக இணைப்பு என்பது பல சந்தர்ப்பங்களில் நிரந்தர விடுதலைக்கு மறுபெயர் என்பதை வலயக் கல்விப் பணிப்பாளர்கள் நன்கறிவார்கள். தொகை நிலையானதாக இல்லாமல் அடிப்படைச் சம்பளத்தின் விகிதமாக அமைய வேண்டும். 2025 ஏப்ரல் முதல் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவுக்குக் கட்டங்கட்டமாக உயர்த்தும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்துள்ளதால், விகிதமாக அமைந்தாலே கொடுப்பனவும் அதனோடு சேர்ந்து வளரும். ஐந்து வருடங்கள் ஒரே பாடசாலையில் நிலைத்திருப்பவருக்கு விகிதம் கூட வேண்டும். கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியருக்கு மேலும் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. இதனால் ஏனைய பாட ஆசிரியர்கள் மனம் நோகக்கூடும் என்று தொழிற்சங்கங்கள் ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபத்தை நாம் மதிக்கின்றோம், ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை.

தொழிற்சங்கங்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதிபர், ஆசிரியர் சம்பள முரண்பாட்டுக்காக 2021 ஜூலை 12ஆம் திகதி தொடங்கி நூறு நாட்களுக்கு மேல் நீடித்த பணிப்பகிஷ்கரிப்பு நியாயமானது. அதன் பயனாக 2022இல் மூன்றிலொரு பங்கு தீர்வேனும் கிடைத்தது. மீதியைக் கேட்டு 2024 ஜூனில் கொழும்பில் ஊர்வலம் போனவர்கள் மீது கண்ணீர்ப்புகைக் குண்டு வீசப்பட்டது. ஆனால் அந்த நீண்ட போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில், மலைமேல் பாடசாலை ஆசிரியருக்கு மேலதிகமாக என்ன வேண்டும் என்பது ஒருபோதும் முன்வரிசைக்கு வரவில்லை.

இது மலையகத் தமிழருக்கு மட்டும் கேட்கப்படும் சலுகை என்று எவரும் கருதலாகாது. வலப்பனையிலும் கொத்மலையிலும் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் முஸ்லிம் பாடசாலைகளும் சிங்களக் கிராமத்துப் பாடசாலைகளும் இதே அளவுகோலின் கீழ் வரவேண்டும். தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் பற்றாக்குறை தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் இரண்டுக்கும் பொதுவானது. கண்டியிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வரும் முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் தோட்டப் பாடசாலையில் சில வருடங்கள் தங்கிக் கற்பிப்பாரானால் அதனால் நன்மையடைவது இரு சமூகங்களுமே. மன்னார் முசலியிலும், முல்லைத்தீவின் காட்டோரக் கிராமங்களிலும், மொனராகலையிலும் இதே நோய்தான். தூரம் மட்டுமே அளவுகோலாக இருந்தால் இனம் என்ற பேச்சுக்கே இடமிராது.

சம்பளம் ஒன்றே யாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாம் வாதிடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளியினால் ஏற்பட்ட மண்சரிவுகளில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் பேரழிவைச் சந்தித்தன. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பாதைகள் துண்டிக்கப்பட்டன. பாதை துண்டிக்கப்பட்டால் வெளியிலிருந்து நாளாந்தம் வந்து போகும் ஆசிரியர் பாடசாலையை அடைய முடியாது, உள்ளே வசிக்கும் ஆசிரியரால் மட்டுமே அதைத் திறக்க முடியும். ஆகவே கொடுப்பனவுடன் சேர்த்து ஆசிரியர் விடுதிகளையும் கட்ட வேண்டும். வெளிநாட்டு நன்கொடையாளர்களிடம் கேட்பதற்கு இது பொருத்தமான விடயம். பெயர்ப்பலகையும் மாட்டிக்கொள்ளலாம்!

யார் இதைச் செய்வது என்பதில் மாகாணமும் மத்தியும் ஒன்றையொன்று கைகாட்டுவது வழமை. தோட்டப் பாடசாலைகள் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் உள்ளவை. மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து, அதன் பின்னர் நிர்வாகம் நீண்ட காலமாக ஆளுநரின் கையிலேயே இருந்து வந்திருக்கின்றது. மாகாணத்துக்குச் சொந்த வருமானம் சொற்பம், ஆசிரியர் சம்பளத்துக்கான பணம் திறைசேரியிலிருந்தே வருகின்றது. மாகாணங்களின் தேவைகளை மதிப்பிட்டு நிதிப் பகிர்வைச் சிபாரிசு செய்வது அரசியலமைப்பின் கீழ் அமைந்த நிதி ஆணைக்குழுவின் வேலை. பின்தங்கிய பாடசாலைகளில் ஆசிரியரைத் தக்கவைப்பதற்கான தனியொதுக்கீடு ஒன்றை ஆணைக்குழு சிபாரிசு செய்வதற்கும், கல்வி அமைச்சு அதற்கான சுற்றுநிருபத்தை வெளியிடுவதற்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள், அவர்கள் அரசாங்கத் தரப்பில் இருந்தாலும் எதிர்க்கட்சியில் இருந்தாலும், அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கான முன்மொழிவுகள் கோரப்படும் வேளையில் இதனை எழுத்தில் சமர்ப்பிக்க வேண்டும் என்று வலியுறுத்துகின்றோம். ஸ்ரீபாத கல்லூரியிலிருந்து வெளியேறும் அடுத்த தொகுதியினர் பெறும் நியமனக் கடிதத்தில், பாடசாலையின் பெயருக்குக் கீழே அந்தத் தொகையும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.